சின்ன ஒலிபெருக்கியும் காணாமல் போன ‘இ’யும்

ஆசிரிய நண்பர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, இது ஒரு பொருள் மதிப்பீடு. கைக்கு அடக்கமான, விலை குறைந்த, கம்பியில்லா ஒலிபெருக்கியைத் தமிழ் வகுப்புக்கு வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் கேள்வி. ஆனால் என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இதைத் தொடங்க முடியவில்லை.

உயர்நிலை நான்கு, பதினொரு மாணவர்கள். கேட்டல் கருத்தறிதல் பயிற்சிக்காக நானே எழுதி, நானே கைப்பேசியில் பதிவு செய்த ஆறு சிறு அறிவிப்புகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் விடை எழுதப் பத்து வினாடி மௌனம் விட்டிருந்தேன். நான்காவது அறிவிப்பு இப்படித் தொடங்கும்: “இந்தக் கடையில் சேலை வாங்கியவர்களுக்கு மட்டும் பரிசுக்கூப்பன் உண்டு.” கேள்வி: அறிவிப்பைச் செய்பவர் எங்கே நிற்கிறார்? கடைக்குள்ளேயா, எதிர்க்கடை வாசலிலா? அண்மைச் சுட்டு பிடிபடுகிறதா என்று பார்க்க வைத்த கேள்வி. வேறு குறிப்பு எதுவும் அறிவிப்பில் இல்லை. ‘இந்த’ என்ற ஒரு சொல்தான் விடை.

பதினொரு பேரில் ஏழு பேர் தவறு. எனக்குக் கோபம். சுட்டெழுத்து உயர்நிலை ஒன்றிலேயே சொல்லிக் கொடுத்ததாயிற்றே! ஏழு தாளிலும் சிவப்பு மையில் ‘கவனமாகக் கேள்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். பின் வரிசையில் இருந்த ஒரு பையன் தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “டீச்சர், ‘இ’ வரவே இல்ல. ‘தக் கடையில்’னுதான் கேட்டுச்சு.”

சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அன்று மாலை ஆசிரியர் அறையில் அதே கைப்பேசி, அதே ஒலிபெருக்கி, அதே பதிவு. போட்டுக் கேட்டேன். “…தக் கடையில் சேலை வாங்கியவர்களுக்கு…” பையன் சொன்னது சரி. ஒலிபெருக்கி ‘இந்’ என்பதை விழுங்கியிருந்தது. கைப்பேசியில் நேரடியாகப் போட்டால் ‘இந்த’ முழுசாக வருகிறது.

அந்த ஒலிபெருக்கியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தேக்கா பக்கத்துச் சந்து ஒன்றில் பதினைந்து வெள்ளிக்கு நான் அவசரமாக வாங்கியது. குறை அந்த ஒரு பொருளுக்கு மட்டும் உரியதும் அல்ல. கம்பியில்லா ஒலிபெருக்கிகள் பலவற்றில் உள்ள பழக்கம் இது. ஒலி வராத நேரத்தில் மின்கலத்தைச் சேமிக்க உள்ளே இருக்கும் பெருக்கி கண் அயர்ந்துவிடும். மறுபடி ஒலி வந்ததும் விழித்துக்கொள்ள ஒரு நொடியில் ஒரு பகுதி ஆகும். பாட்டு கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது; பாட்டின் முதல் அரை நொடி போனால் யாருக்கு நஷ்டம்? பத்து வினாடி மௌனத்துக்குப் பிறகு ஒரு வாக்கியம், மறுபடி மௌனம், மறுபடி ஒரு வாக்கியம் என்று கேட்பவர்கள் நாம்தான். நமக்குத்தான் நஷ்டம்.

அதிலும் தமிழுக்கு இந்த நஷ்டம் கொஞ்சம் அதிகம். யோசித்துப் பாருங்கள்: அவன், இவன், எவன். அங்கே, இங்கே, எங்கே. அப்போது, இப்போது, எப்போது. அத்தனை, இத்தனை, எத்தனை. முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மூன்றும் ஒன்று. அ, இ என்ற சுட்டும் எ என்ற வினாவும் சொல்லின் தலையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வினாச்சொல் வாக்கியத்தின் தலையில் வரும் கேள்விகளும் நம் தாள்களில் நிறைய. “எப்போது புறப்பட்டார்கள்?” என்ற கேள்வியில் ‘எ’ போனால் அது கேள்வியா, கதையின் அடுத்த வரியா என்றே தெரியாது. ஒரு நொடியின் சிறு பகுதியைத் தின்னும் கருவி நம் இலக்கணத்தின் மர்ம இடத்தில் போய்க் கடிக்கிறது.

ஆகவே என் மதிப்பீட்டில் முதல் கேள்வி ‘எவ்வளவு சத்தம்?’ அல்ல, ‘பேஸ் எப்படி?’ என்பதும் அல்ல. முதல் அசை வருகிறதா என்பதுதான்.

‘வகுப்பறையில்தான் ஒளிப்படக் கருவியோடு ஒலிபெருக்கியும் இருக்கிறதே, இது எதற்கு?’ என்று கேட்கலாம். தமிழாசிரியர்களுக்கு இதன் விடை தெரியும். தாய்மொழிப் பாட நேரத்தில் மாணவர்கள் பல வகுப்புகளிலிருந்து கலைந்து கூடுவார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் நமக்குக் கிடைப்பது பல பள்ளிகளில் சின்ன அறை, சில நாள் ஆய்வுக்கூடம், சில நாள் நூலக மூலை. பையைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போகும் ஆசிரியருக்குப் பையில் போகிற ஒலிபெருக்கிதான் உதவும். அறைக்கு அறை கம்பி தேடி, ஒலி வரவில்லை என்று முதல் எட்டு நிமிடத்தை இழந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரியது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர் இந்தியர்களில் சுமார் 59 விழுக்காட்டினர் வீட்டில் மிக அதிகமாகப் பேசுவது ஆங்கிலம். நம் மாணவர்களில் பலர் ஒரு நாளில் கேட்கும் தெளிவான தமிழ், நம் வகுப்பில் கேட்கும் அந்த நாற்பது நிமிடம்தான். அதில் கருவி தின்றது எது, பிள்ளையின் காது தவறவிட்டது எது என்று நமக்கே தெரியாவிட்டால் மதிப்பெண் போட நமக்கு என்ன உரிமை?

சரி, பொருளுக்கு வருவோம். இந்த வகையில் அதிகம் விற்கும், எல்லாரும் ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஜேபிஎல் கோ வரிசை. இதில் இப்போது கடைகளில் பார்ப்பது பெரும்பாலும் கோ 4. 2024-இல் வந்தது. முந்தைய கோ 3-உம் இன்னும் பலர் கையில் இருக்கிறது. இரண்டும் நூறு வெள்ளிக்குள் அடங்குபவை. தள்ளுபடிக் காலத்தில் இன்னும் குறையும்.

கோ 4-இன் எடை 190 கிராம் அளவு. ஒரு சின்ன டிபன் டப்பாவில் பாதி. பேனாப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் 7 மணி நேரம் என்கிறது நிறுவனம். கோ 3-க்கு 5 மணி நேரம். சத்தத்தை முழுசாக வைத்தால் இந்தக் கணக்கு குறையும், இது எல்லா நிறுவனக் கணக்குக்கும் பொருந்தும். ஒரு நாளில் நான்கு பாட நேரம், ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம் ஒலி என்று வைத்தால் நமக்குத் தேவை ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். யூஎஸ்பி-சி கம்பிதான், கைப்பேசிக்குப் பயன்படும் அதே கம்பி.

ஐபி67 என்று பெட்டியில் போட்டிருக்கும். முதல் எண் 6 தூசி புகாது என்பதற்கு. இரண்டாவது எண் 7 ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கு. நீச்சல்குளத்துக்குப் போகிறவருக்கு நல்லது. நமக்கு? மதிய மழையில் பை நனைந்தால் பயம் இல்லை, அவ்வளவுதான். இதற்காகத் தனியாகப் பத்து வெள்ளி கூடக் கொடுக்க வேண்டாம்.

சக்தி, கோ 3, கோ 4 இரண்டிலும் 4.2 வாட். கேட்கச் சின்ன எண்ணாகத் தோன்றும். கடையில் பக்கத்தில் இருக்கும் முப்பது வாட் பெட்டியைப் பார்த்தால் ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள்.

மனிதப் பேச்சுக்கு என்ன வேண்டும்? ஆண் குரலின் அடிப்படைச் சுருதி ஏறக்குறைய 100 முதல் 150 ஹெர்ட்ஸ், பெண் குரல் 200-ஐச் சுற்றி. மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துக் காட்டும் செய்தி பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் இருக்கிறது. பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோனது. அதை வைத்துக்கொண்டே நம் தாத்தா பாட்டி ஊருக்குப் பேசிக் குடும்பம் நடத்தினார்கள். கோ 4 90 ஹெர்ட்ஸிலிருந்தும் கோ 3 110 ஹெர்ட்ஸிலிருந்தும் 20,000 வரை ஒலிக்கும் என்கிறது அட்டவணை. பேச்சுக்கு இது தாராளம். பேஸ் குறைவு என்று இசைப்பிரியர்கள் சொல்லும் குறை நமக்குக் குறையே இல்லை. சொல்லப்போனால் அதிக பேஸ்தான் நமக்கு எதிரி. சிமெண்டுச் சுவர் அறையில் தடித்த அடிச்சத்தம் உருண்டு உருண்டு நின்று, மெல்லிய மெய்யொலிகளை மூடிவிடும். கோ 4-க்கு நிறுவனத்தின் செயலி உண்டு. அதில் போய் பேஸைக் குறைத்துக்கொள்ளலாம். கோ 3-இல் அந்த வசதி இல்லை. நான் கோ 4 பக்கம் சாய்வதற்கு இதுதான் முதல் காரணம், கூடுதல் இரண்டு மணி நேரம் அல்ல.

இப்போது குறை. கோ 3-இலும் கோ 4-இலும் கம்பி செருகும் துளை இல்லை. 2018-இல் வந்த கோ 2-இல் 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தது. அடுத்த தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். சோனியின் எஸ்ஆர்எஸ்-எக்ஸ்பி100-இலும் இல்லை. கடைக்காரரிடம் கேட்டால், ‘இப்ப யாருக்கா கம்பி கேக்குறாங்க?’ என்பார். நான் கேட்கிறேன்! கம்பி இருந்தால் இணைப்புத் தேடும் வேலை இல்லை, ஒலி தாமதம் இல்லை, முக்கியமாக வேறு யாருடைய கைப்பேசியும் குறுக்கே வராது. ஒருநாள் நான் வாசிப்புப் பகுதியைப் போடப் போக, என் ஒலிபெருக்கி பின் வரிசைக் கைப்பேசி ஒன்றோடு தானாகக் கைகோத்துக்கொண்டு அனிருத் பாட்டைப் பாடியது. வகுப்புக்கு மகிழ்ச்சி. எனக்குப் பத்து நிமிடம் போயிற்று. யாருடைய கைப்பேசி என்று கடைசிவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பியைக் கைவிட்டது இந்த வகைப் பொருள்களின் உண்மையான பின்னடைவு என்பது என் கருத்து. இந்தக் கருத்தில் நான் சிறுபான்மை என்றும் தெரியும்.

ஒலிவாங்கியும் கோ 3, கோ 4 இரண்டிலும் இல்லை. எக்ஸ்பி100-இல் இருக்கிறது. ‘வீட்டிலிருந்து இணைய வகுப்பு எடுக்கும்போது உதவுமே’ என்று ஆசைப்பட வேண்டாம். புளூடூத் கருவியின் ஒலிவாங்கியைப் பயன்படுத்தத் தொடங்கியதும் இணைப்பு தொலைபேசி முறைக்கு மாறிவிடும். வருகிற ஒலியின் தரமும் சேர்ந்து இறங்கும். ச, ஸ, ஷ எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து வரும். பேசுவதற்கு மடிக்கணினியின் ஒலிவாங்கி, கேட்பதற்கு மட்டும் ஒலிபெருக்கி என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பி100-ஐப் பற்றி இரண்டு வார்த்தை: 274 கிராம், 16 மணி நேரம் ஓடும், உருளை வடிவம். ஒலிவாய் மேல்நோக்கிப் பார்க்கும். ஒரு வட்ட மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தால் எல்லாருக்கும் சமமாகக் கேட்கும். ஆனால் வரிசையாக உட்கார்ந்த வகுப்பில் ஒலி கூரைக்குப் போய்த் திரும்பும். கோ வரிசை முகம் பார்த்து ஒலிப்பது. வகுப்புக்கு நான் கோ 4 என்பேன். துணைப்பாட மேசைக்கு எக்ஸ்பி100.

எங்கே வைப்பது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை நாம் எல்லாரும் தவறாகவே செய்கிறோம். ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டு, பின் வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டுகிறோம். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாது. ஆனால் நேராக வரும் ஒலி குறைய, சுவரில் பட்டு வரும் எதிரொலி அதன் மேல் ஏறிக்கொள்ளும். ‘வந்தான்’, ‘வந்தானா’ இரண்டுக்கும் வித்தியாசம் கடைசியில் வரும் அந்த ‘ஆ’ மட்டுமே. எதிரொலி முதலில் அழிப்பது இப்படிப்பட்ட வாலைத்தான். குறில் நெடிலும் குழம்பும்: ‘கொடு’ இழுபட்டுக் ‘கோடு’ போலக் கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும், பயன் இல்லை.

அமெரிக்க வகுப்பறை ஒலித் தரமான ஏஎன்எஸ்ஐ எஸ்12.60, சாதாரண அளவு வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபெல்லுக்குள்ளும் எதிரொலி நீடிக்கும் நேரம் 0.6 வினாடிக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. கூரை மின்விசிறி நான்கு சுழல, சன்னல் திறந்திருக்க, கீழே திடலில் உடற்பயிற்சி வகுப்பு நடக்க, நம் அறையில் இந்த 35-ஐ எங்கே தேடுவது! ஆனால் நம்மிடம் ஒரு அனுகூலம் இருக்கிறது: வகுப்பு சிறியது. நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு மேசையில் ஒலிபெருக்கியைக் காது உயரத்துக்குப் பக்கமாக, இரண்டு தடித்த புத்தகங்களின் மேல் வையுங்கள். எல்லாருக்கும் இரண்டு மீட்டருக்குள் வந்துவிடும். அந்தத் தூரத்தில் 4.2 வாட் அதிகம்தான், குறைவு அல்ல. முப்பது வாட் பெட்டியை ஆசிரியர் மேசையில் வைப்பதைவிட இது தெளிவு. பெரிய வகுப்பு, நாற்பது பேர் என்றால் இந்தச் சின்னப் பெட்டி வேண்டாம்; அறையின் சொந்த ஒலிபெருக்கியையே நம்புங்கள்.

வாங்குவதற்கு முன் சோதிப்பது எப்படி? சனிக்கிழமை ஒன்றில் சிம் லிம் டவரில் தொடங்கி, சையது ஆல்வி சாலை முஸ்தபா வரை ஒரு சுற்று போனேன். எங்கே போனாலும் கடைக்காரர்கள் போட்டுக் காட்டுவது அதிரும் பாட்டுதான். ஒரு தம்பி, “அக்கா, பேஸைக் கேட்டுப் பாருங்க, நெஞ்சுல அடிக்கும்” என்றார். நான் கைப்பேசியை எடுத்து, “தம்பி, இதைப் போடுங்க” என்று என் பதிவைக் கொடுத்தேன். அதில் பத்து வினாடி மௌனம், பிறகு ‘எங்கே போனார்கள்?’ மறுபடி மௌனம், ‘அங்கே போனார்கள்.’ மறுபடி மௌனம், ‘இங்கே வந்தார்கள்.’ மூன்றாவதைக் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, “என்னக்கா, பேய்க் கதையா?” என்றார். ஆனால் பத்தே நிமிடத்தில் அவரும் சேர்ந்து காதைத் தீட்டிக்கொண்டு அடுத்த அடுத்த பெட்டியை எடுத்துக் கொடுத்தார். விலை அதிகமான ஒன்று ‘எ’யைத் தின்றது, அதைவிடக் குறைந்த ஒன்று முழுசாகக் கொடுத்தது. விலைக்கும் இந்தக் குணத்துக்கும் நேர்த் தொடர்பு இல்லை. அதனால் நான் சொல்கிறேன் என்று எதையும் வாங்காதீர்கள்; உங்கள் கைப்பேசியோடு, உங்கள் பதிவோடு போய் நின்று கேளுங்கள். கைப்பேசி மாறினாலும் இந்த நடத்தை மாறலாம்.

இரண்டாவது சோதனை மயங்கொலி. வலி, வழி, வளி, மனம், மணம், அலை, அழை, அளை என்று இருபது சொற்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் இதில் ஒரு நேர்மை வேண்டும். முதலில் ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு அதே சொற்களை நீங்களே மாணவர்களுக்கு வாசியுங்கள். எத்தனை சரியாக எழுதுகிறார்கள் என்று குறியுங்கள். பிறகு ஒலிபெருக்கியில். இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஒலிபெருக்கியின் குற்றம். நான் செய்தபோது வாய்மொழியாகவே ல, ள, ழ பாதிப் பேருக்குத் தடுமாறியது. அந்தப் பாதிக்குப் புளூடூத்தின் மேல் பழி போட முடியாது. ‘அரம்’, ‘அறம்’ போன்றவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ரகர றகர வேறுபாட்டை இன்று பேச்சில் பெரும்பாலோர் காட்டுவதே இல்லை. நான் காட்டுகிறேனா என்று என் பதிவையே கேட்டுப் பார்த்தேன். காட்டவில்லை. அந்தப் பாடம் வேறு நாளைக்கு.

சரி, ஏற்கெனவே வாங்கியாயிற்று, அது முதல் அசையைத் தின்கிறது. தூக்கிப் போட வேண்டாம். பதிவில் மாற்றம் செய்தால் போதும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ‘கேள்வி நான்கு’, ‘கவனமாகக் கேளுங்கள்’ போன்ற, விடைக்குத் தொடர்பில்லாத ஒரு தொடரைச் சேருங்கள். தின்பதானால் அதைத் தின்னட்டும். இன்னொரு வழி, மௌனத்தை மௌனமாக விடாமல் இருப்பது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து, இடைவெளிகளில் மிக மெல்லிய இரைச்சலையோ வீணை ஒலியையோ நிரப்பிவிட்டால் கருவி தூங்காது. வெறும் சுத்த மௌனத்தை முன்னால் ஒட்டுவதில் பயன் இல்லை. அது தூங்குவதே அந்த மௌனத்தில்தான். நான் முதலில் அதைத்தான் செய்து அரை நாளை வீணடித்தேன். இன்னொன்று: பத்துப் பதினைந்து நிமிடம் எதுவும் ஒலிக்காவிட்டால் இவற்றில் பல தாமாகவே முழுசாக அணைந்துவிடும். கலந்துரையாடல் நீண்டால், அடுத்த பகுதியைப் போடுவதற்கு முன் விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு இரண்டு மூன்று. வீட்டில் பயிற்சி செய்யும்போது எப்போதும் காதுக்குள் செருகிக்கொண்டே கேட்காதீர்கள். அதில் எதிரொலியே இல்லை. எல்லாம் தெளிவாகக் கேட்டுப் பழகிவிட்டு, வகுப்பறையில் மின்விசிறிக்கு நடுவே கேட்கும்போது திகைப்பீர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அறையின் ஒரு மூலையில் ஒலிபெருக்கியை வைத்து, மறு மூலையில் உட்கார்ந்து ஒலி 96.8 செய்தியைக் கேளுங்கள். வீவக வீட்டு வரவேற்பறையே போதும். சமையலறைச் சத்தம் வரட்டும், அதுவும் பயிற்சிதான். ஒரு முறை மட்டும் கேட்டுவிட்டு யார், எங்கே, எத்தனை என்று மூன்று குறிப்பு எழுதுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு: வாசிப்புப் பகுதியைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஒலிபெருக்கியில் போட்டு, கையில் தாளோடு கேளுங்கள். நாம் பேசும்போது நம் குரல் நம் மண்டை எலும்பு வழியாகவும் நமக்கு வருவதால், அது நமக்கு நல்ல குரலாகவே இருக்கும். வெளியே கேட்கும்போதுதான் ‘பழம்’ ‘பளம்’ ஆனது தெரியும். இதற்காகப் பெற்றோரிடம் புது ஒலிபெருக்கி கேட்க வேண்டாம். வீட்டில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும், அண்ணன் அறையிலோ அக்கா பையிலோ.

முதல் அசை சோதனையில் உங்கள் கைப்பேசியோடு தேறினால் கோ 4 கொடுத்த காசுக்குத் தகும். பதினைந்து பேருக்கு உட்பட்ட வகுப்பு, அறை மாறும் ஆசிரியர் என்றால் வாங்கலாம். கையில் கோ 2 போலத் துளை உள்ள பழையது இருந்தால் அதை விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். பத்து வெள்ளிக்கு ஒரு கம்பி வாங்கி அதையே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் துளை இல்லாவிட்டால் அதற்கொரு சின்ன மாற்றியும் வேண்டும். துறையில் நான்கு ஆசிரியர்கள் இருந்தால் நால்வருக்கும் ஒவ்வொன்று தேவையில்லை. இரண்டு போதும், பெயர் ஒட்டி அலமாரியில் வையுங்கள்.

ஏழு தாள்களையும் திரும்ப வாங்கி, சிவப்பு எழுத்தை அடித்து, மதிப்பெண்ணைக் கொடுத்தேன். “கருவியின் தவறு, உங்கள் தவறு இல்லை” என்று வகுப்பில் சொன்னேன். அடுத்த வாரம், நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, ‘கேள்வி நான்கு, கவனமாகக் கேளுங்கள்’ என்பதை முன்னால் சேர்த்து, அதே கேள்வியை மறுபடி போட்டேன். பத்துப் பேர் சரி. தவறாக எழுதிய ஒருவன், ‘இ’ வரவில்லை என்று சொன்ன அதே பையன்.

“இந்தத் தடவை ‘இந்த’ கேட்டுச்சா?” என்று கேட்டேன்.

“நல்லா கேட்டுச்சு டீச்சர். ஆனா அவரு எதிர்க்கடைல நின்னு, கையை நீட்டி, ‘இந்தக் கடை’ன்னு காட்டுறாருன்னு நினைச்சேன்.”